பாட்டு இருந்தால்தான் இடமா?

அன்புள்ள ஐயா,

நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கும் டோனி விருதின் 2024 விழாவை டிவியில் பார்த்தோம். 'ஸ்டீரியோஃபோனிக்' என்ற நாடகத்தின் குழு வாத்தியங்களோடு வந்து ஒரு பாட்டுப் பாடி அசத்தியது. பாட்டாலேயே கதை சொல்லும் மியூசிக்கல் என்று நம்பி டிக்கெட் எடுத்தோம். போய் உட்கார்ந்தால் மூன்று மணி நேரப் பேச்சு! டிரம்ஸ் சத்தம் சரியில்லை என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் திரும்பத் திரும்ப அடிக்கவைக்கிறார்கள். கடைசியில் பிடித்துத்தான் போனது. ஆனால் விழாவில் ஏன் அப்படிக் காட்டினார்கள்? மற்ற நாடகங்களுக்கு அந்த இடம்கூடக் கிடைக்கவில்லையே?

ஆர்., நியூ ஜெர்சி

அன்புள்ள ஆர்.,

அந்தக் குழுவைத் திட்டாதீர்கள். கையில் ஒரு பாட்டு இருந்தது, அதை வைத்து உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மியூசிக்கலுக்குச் சரி. மூன்று நிமிடப் பாட்டைக் கேட்டால் மீதியை ஊகித்துவிடலாம். வசன நாடகத்தில் ஒருவர் பதில் சொல்லாமல் கோப்பையைக் கீழே வைக்கிறார் என்றால், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பார்த்தவருக்குத்தான் அது உறைக்கும். அதைத் துணுக்காக வெட்டி, பின்னால் வயலினையும் ஓடவிட்டால் யாரோ இருவர் முறைத்துக்கொள்கிற மாதிரி இருக்கும்.

அப்புறம் காசு. விழாவில் பாடுவது தயாரிப்பாளருக்கு விளம்பரம், மறுநாள் டிக்கெட் விற்கும். நாடகங்களோ பெரும்பாலும் சில மாதங்களே ஓடுபவை. அந்த வருடம் சிறந்த நாடகத்துக்கான போட்டியில் இருந்த ஐந்தில் 'ஜாஜாஸ் ஆஃப்ரிக்கன் ஹேர் பிரெய்டிங்' 2023 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. 'பிரேயர் ஃபார் த ஃபிரெஞ்ச் ரிபப்ளிக்' 2024 மார்ச்சில். விழா நடந்ததோ ஜூனில். இறக்கிவிட்ட நாடகத்துக்கு யார் செலவு செய்வார்கள்?

பாட்டு இல்லாவிட்டால் வித்தையாவது வேண்டும். 2011இல் 'வார் ஹார்ஸ்' நாடகத்தின் பொம்மைக் குதிரை மேடைக்கு வந்தது. தொகுப்பாளர் நீல் பாட்ரிக் ஹாரிஸ் அதன்மேல் சவாரி செய்தார். மூன்று பேர் சேர்ந்து இயக்கும் குதிரை அது. காதைத் துடிக்கவிடும், மூச்சு வாங்கும். அந்தச் சிரிப்பில் அதையெல்லாம் யார் கவனித்திருப்பார்கள்!

2019இல் நாடகாசிரியர்களையே நிற்கவைத்துத் தங்கள் நாடகத்தைப் பற்றிப் பேசவிட்டார்கள். சப்பென்று இருந்தது என்பார்கள். எனக்குப் பிடித்தது. எழுதியவர் வாயால் கேட்பது துணுக்கைவிட எவ்வளவோ மேல்.

டிவியில் முழு நாடகம் எடுபடாது என்பதையும் நான் நம்பவில்லை. 2025 ஜூன் 7, டோனி விழாவுக்கு முந்தைய நாள், ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் குளூனி நடித்த 'குட் நைட், அண்ட் குட் லக்' நாடகத்தை சிஎன்என் நேரலையில் முழுசாகக் காட்டியது. குளூனி முகத்துக்காக உட்கார்ந்தவர்கள் உண்டு, சரி. அப்படியாவது உட்கார்ந்தார்களே.

விழாவில் அவ்வளவு நேரம் கேட்கவில்லை. ஒரு காட்சி, மூன்று நிமிடம், வெட்டு இல்லாமல். ஒன்று சொல்லுங்கள்: அன்று பாட்டுக்குப் பதிலாக அந்த டிரம்ஸ் காட்சியைப் போட்டிருந்தால் டிக்கெட் எடுத்திருப்பீர்களா?