பயோசென்சர் படிப்பு சோறு போடுமா?

அக்கா, சுங்கை சிப்புட்டிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஐந்தாம் படிவத்தின் எஸ்பிஎம் தேர்வு முடித்த மகள் டாக்டர் படிப்பு வேண்டாம், கிருமியைக் கண்டுபிடிக்கும் சின்னக் கருவி செய்யப் படிக்கிறேன் என்கிறாள். நீங்கள் பயப்படுவது நியாயம்தான்.

அந்தக் கருவிக்கு அண்ணன் முறை ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தில் சர்க்கரை பார்க்கிறோமே, அதுதான் பயோசென்சர். அந்தச் சொட்டை வைக்கும் சின்ன அட்டையில் இருக்கும் என்சைம், அதாவது நொதி, சர்க்கரையோடு வினைபுரியும். அதில் வரும் துளி மின்சாரத்தைக் கருவி எண்ணாகக் காட்டும். லேலண்ட் கிளார்க் இந்த யோசனையை வெளியிட்டது 1962இல்.

பாக்டீரியா விஷயம் அவ்வளவு சுலபமில்லை. இரத்தத்தில் கிருமி பரவியிருந்தாலும் ஒரு மில்லிலிட்டரில் ஒன்றிரண்டுதான் இருக்கலாம். அதனால் லேபில் வளர்த்துப் பார்க்கிறார்கள், ஓரிரு நாள் போய்விடுகிறது. எலிச் சிறுநீரால் வரும் லெப்டோ கிருமி வளரவோ வாரக்கணக்காகும். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவருக்குக் காய்ச்சல் வந்தால், ஆரம்பத்தில் டெங்கியா லெப்டோவா என்று பிரிப்பது டாக்டருக்கே கஷ்டம். தோட்டத்துக் கிளினிக்கிலேயே அன்றைக்கே தெரிந்தால் எத்தனை உயிர் பிழைக்கும்! உங்கள் மகள் தேர்ந்தெடுத்திருப்பது வீண் வேலையில்லை அக்கா. டைஃபாய்டுக்கான டைஃபிடாட் என்ற விரைவுச் சோதனையை உருவாக்கியது நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யூஎஸ்எம்) அஸ்மா இஸ்மாயில் குழுதான்.

சரி, எதைப் படிப்பது? இளங்கலையில் 'பயோசென்சர்' என்ற பெயரைத் தேடி அலையாதீர்கள். உயிர் மருத்துவப் பொறியியல், எலக்ட்ரானிக்ஸ், வேதியியல், எந்த வாசல் வழியாகவும் உள்ளே போகலாம். பயோடெக்னாலஜி மட்டும் என்றால் நான் கொஞ்சம் தயங்குவேன். கருவிக்குள் ஓடும் மின்சாரம் புரியாமல் பாதி வழியில் திணறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசு மெட்ரிகுலேஷன் படிப்பு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஆறாம் படிவம். அதன் முடிவில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வு ஒன்றும் இளப்பமில்லை. எதில் சேர்ந்தாலும் இயற்பியலை விடக் கூடாது. தனியார் கல்லூரி என்றால், பிடிபிடிஎன் கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடுமுன், அந்தப் படிப்புக்குத் தர நிர்ணய அமைப்பான எம்கியூஏவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலைக்கு முதலில் பினாங்கைப் பாருங்கள், அங்கே மருத்துவக் கருவித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டப்படி கருவிகளைப் பதிவு செய்த பிறகே இங்கே விற்கலாம். அதனால் தரச் சோதனைக்கும் பதிவு வேலைக்கும் ஆள் வேண்டும். ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் முதுகலை வரை போக வேண்டியிருக்கும். அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், காலாவதியான சர்க்கரை அட்டை ஒன்று கிடைத்தால் அவளிடம் கொடுங்கள். மேல் தாளை உரித்தால் கறுப்பாகவோ பொன்னிறமாகவோ மெல்லிய கோடுகள் தெரியும். அவை எதற்கு என்று அவள் தேடிப் படித்து உங்களுக்குச் சொல்லட்டும். சொன்ன பிறகு இருவரும் சேர்ந்து என்னிடம் வாருங்கள்.