மீனவர் குப்பத்தை வரைவது: கேள்வி பதில்

கேள்வி: நாகப்பட்டினம் மீனவர் குப்பத்தை நீர்வண்ணத்தில் வரைகிறேன். சூரியன் கடலில் மறைகிற காட்சிக்கு எந்த ஆரஞ்சு சரியாக இருக்கும்?

பதில்: எந்த ஆரஞ்சும் சரிவராது. அது கிழக்குக் கரை, அங்கே சூரியன் கடலில் உதிக்கும், ஊர்ப்பக்கம் மறையும். மாலை வெயில் வீடுகளுக்குப் பின்னாலிருந்து வரும், படகுகளின் நிழல் கடலைப் பார்த்து விழும். ஒரு நாள் மாலை அங்கே போய் நின்று பாருங்கள்.

கேள்வி: ஐயா, நான் வரையும் கட்டுமரம் படகு மாதிரியே தெரிகிறது.

பதில்: பக்கச் சுவர் வரைந்திருப்பீர்கள். கட்டுமரத்துக்கு அது கிடையாது. செதுக்கிய மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவார்கள், அவ்வளவுதான். அலை மரங்களின் மேலேயே ஏறி இடுக்கு வழியாக வடிந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் தண்ணீர் மேலேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அதனால் ஆளை முதலில் போடுங்கள், மரத்துக்கு ஒரு கருத்த கோடு போதும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

கேள்வி: எந்த கம்பெனி அக்ரிலிக் நல்லது?

பதில்: நான் அக்ரிலிக் தொடுவதில்லை. கடைக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: ஃபைபர் படகு படத்தின் அழகைக் கெடுக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையில் அதிகம் நிற்பது அதுதான்.

மறுப்பு: ஓவியம் என்ன போட்டோவா? அழகுக்காக எதையும் நீக்கலாமே!

இன்னொருவர்: என் அப்பாவுடையது ஃபைபர் படகு, அண்ணே. எங்கள் ஊரை வரைகிறவர்கள் எல்லாரும் அதை நீக்கிவிட்டுக் கட்டுமரம்தான் போடுகிறார்கள்.

பதில்: தம்பி சொல்வதுதான் என் பதிலும். ஒரு மேகத்தை நீக்குங்கள், ஒரு தென்னையை நகர்த்துங்கள், அது உங்கள் உரிமை. படகு அந்தக் குடும்பத்தின் சோறு. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அவர்கள் ஊர் இல்லை. அழகு இல்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தூக்கி நிறுத்திய எஞ்சின் தண்டு, பக்கத்தில் எழுதிய பெயர், நீல நைலான் வலைக் குவியல், அதன் மேல் உட்கார்ந்து வலை பொத்துகிறவரின் முதுகு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கேள்வி: வரைந்து முடிப்பதற்குள் படகுகள் கடலுக்குப் போய்விடுகின்றன.

பதில்: 1888இல் ஓவியர் வான்கோவுக்கும் பிரான்சின் தென்கரையில் இதேதான் நடந்தது. விடியற்காலையில் படகுகள் கிளம்புவதற்குள் கோட்டோவியம் மட்டும் போட்டுக்கொண்டார், வண்ணம் பிறகு ஆர்ல் ஊரில்.

கேள்வி: மெரினாவில் கடல்மேல் அந்தி வானம்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: குளச்சலில்?

பதில்: அது மேற்குக் கரை. தாராளமாக வரையுங்கள்.