முதியோர் குடியிருப்புக்கு வந்த அம்மா "எப்போ வீட்டுக்குப் போறோம்?" என்றால்

அவசரப்பட்டு அம்மாவைத் திரும்பக் கூட்டிவர வேண்டாம். பழைய வீட்டை இப்போதைக்கு விற்கவும் வேண்டாம். கோவை முதியோர் குடியிருப்பில் மூன்று மாதமாகியும் இப்படிக் கேட்கிறார் என்பதற்காக அவருக்கு நன்றி இல்லை என்று நினைக்காதீர்கள்.

சமையல், துணி, கூட்டுவது எல்லாம் அங்கே யாரோ செய்துவிடுகிறார்கள். காலமெல்லாம் அடுப்படியை ஆண்ட அம்மாவுக்கு இப்போது நன்றி சொல்வது மட்டும்தான் வேலை. பெரும்பாலும் சிக்கல் இதுதான். பிறர் உதவியை வாங்கிக்கொண்டே இருந்தால் எந்த இடமும் ஒட்டாது.

ஒன்று செய்து பாருங்கள். அம்மா பூ கட்டுவாரா? அங்குள்ள பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமைச் சரம் அவர் பொறுப்பு என்று மேலாளரிடம் பேசி வையுங்கள். உதிரி மல்லியும் வாழைநாரும் வாங்கிக் கொடுத்தால் போதும். பக்கத்து அறைக்காரர் "நல்லா நெருக்கமா கட்டியிருக்கீங்க" என்று சொல்லும்போது அம்மா முகத்தைப் பாருங்கள். அப்புறம், அவருடைய பழைய ஃபில்டரும் டபராவும் அறைக்கு வரட்டும். நாலு பேருக்குக் காபி கொடுக்கக்கூட விடாத நிர்வாகம் என்றால், இடத்தை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

ஆனால் தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்திருந்தாலோ, சாயங்காலமானால் இதே கேள்வி திரும்பத் திரும்ப வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். மனச்சோர்வாகவோ மறதி நோயாகவோ இருக்கலாம். முதியோருக்கான இலவச உதவி எண் 14567.