ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு தீர்ப்பு

கேள்வி: சில மாதங்களாக இரவு நேரத்தில் வீட்டிலேயே பழைய படங்களைப் பார்த்து வருகிறேன். பெரியவர்கள் சொல்லிச் சொல்லி ‘அந்த நாள்’, ‘உதிரிப்பூக்கள்’, ‘வீடு’ ஆகிய மூன்றையும் பார்த்தேன். எல்லாமே மந்தம். கைப்பேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் முடிக்க முடிந்தது. நடிப்பிலும் நாடக வாடை வீசுகிறது. இன்றைய படங்கள் எவ்வளவோ மேல். பழைய படங்களைப் புகழ்கிறவர்கள் உண்மையில் தங்கள் இளமைக் காலத்தைத்தான் புகழ்கிறார்கள் என்கிறேன். மறுப்பீர்களா?
— வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: மறுப்பேன், ஆனால் முழுவதையும் அல்ல. எந்தத் தியேட்டரில், யாரோடு, என்ன வயதில் பார்த்தோம் என்ற நினைவுகள் படத்தோடு ஒட்டிக்கொண்டு, அதற்கு இல்லாத தகுதியையும் அதற்குத் தந்துவிடுவது உண்டு. வெள்ளிவிழா கொண்டாடிய பழைய குடும்பப் படங்கள் பலவற்றை இன்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தால், படித்த பெண்ணை அடக்கிக் காட்டுவதே கதாநாயகனின் பெருமையாக இருப்பதும், கதையோடு சம்பந்தமில்லாத நகைச்சுவைப் பகுதி தனியாகத் தொங்குவதும் சகிக்க முடியாதவையாக இருக்கின்றன. அவற்றை நீங்கள் ஒதுக்கினால் உங்கள் பக்கம்தான் நிற்பேன். நீங்கள் பெயர் சொல்லியிருக்கும் மூன்று படங்களும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைப் பற்றிய உங்கள் தீர்ப்பை நான் ஏற்க மறுப்பதற்குக் காரணம், நீங்கள் அவற்றை இன்னும் பார்க்கவில்லை என்பதுதான்.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். படம் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் கணக்கில் எடுக்கப்படுகிறது. ஒரு பாத்திரம் பதில் சொல்லும் முன் எவ்வளவு நேரம் பேசாமல் நிற்கிறது, ஆள் போன பிறகும் காலி அறையைக் கேமரா எவ்வளவு நேரம் காட்டிக்கொண்டிருக்கிறது என்பவை எல்லாம், இயக்குநரும் எடிட்டரும் கூட்டிக் குறைத்துப் பார்த்து முடிவு செய்தவை. இரண்டு மணி நேரப் படத்தை நீங்கள் ஓட்டிய வேகத்தில் ஓட்டினால் 80 நிமிடங்களில் முடிந்துவிடும். கதை தெரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு மௌனத்திலும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், நடை ஓட்டமாகும், தயங்கித் தயங்கிப் பேசியவர் படபடவென்று பொரிந்து தள்ளுவதாகத் தோன்றும். நடிப்பில் பெரும்பகுதி இந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது என்னும்போது, அதைக் கலைத்துவிட்டு நடிப்பு சரியில்லை என்று சொல்வது நியாயமாகாது.

‘வீடு’ படத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் அலுவலக வேலை பார்க்கும் சுதா, சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொள்ளப் படும் பாடுதான் கதை. பாலு மகேந்திரா 1988-இல் அதில் பாட்டும் வைக்கவில்லை, சண்டையும் வைக்கவில்லை. பின்னணிக்கு இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பிலிருந்த இசையைப் பயன்படுத்திக்கொண்டார். சுதாவாக நடித்த அர்ச்சனா தேசிய விருது பெற்றார். ஆனால் எனக்கு அந்தப் படம் என்றாலே தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர்தான். சுதாவின் தாத்தா ஒரு நாள், கட்டி முடியாத அந்த வீட்டைப் பார்க்கத் தனியாகப் போகிறார். அறை அறையாக மெல்ல நடக்கிறார், சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். பேசுவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த முதிய கையும் பூசப்படாத சுவருமாகக் காட்சி நகர்கிறது. வாழ்நாள் முழுவதும் வாடகை வீட்டில் கழித்தவர்களை அறிந்தவர் எவருக்கும் அந்த நடையின் அளவு விளங்கும். அந்த முதியவரை நீங்கள் ஒன்றரை மடங்கு வேகத்தில் நடக்க வைத்திருக்கிறீர்கள்.

நாடக வாடை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மைக் இல்லாத மேடையில், கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும் என்று பழகிய நடிகர்கள்தாம் நம் திரையுலகின் முதல் தலைமுறையினர். 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சி முழுக்க முழுக்க வசனத்தின் பலத்தில் நிற்பது, அங்கே சிவாஜி கணேசன் குரலை ஏற்றி இறக்கி முழங்கியதற்கு அந்தக் காட்சியே காரணம். அதே நடிகர் இரண்டே ஆண்டுகளில், ஏ.வி.எம். தயாரிப்பில் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் எப்படிப் பேசுகிறார் என்று கவனித்தீர்களா? 1943-இல் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய பின்னணியில், ரேடியோ என்ஜினீயர் ஒருவன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியாவதில் தொடங்கி, மனைவி, உடன்பிறந்தவன், அண்டை வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவர் வாயாலும் வெவ்வேறு விதமாக அவனைக் காட்டிக்கொண்டே போகும் படம் அது. ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் அந்த ராஜன் கொஞ்சம் வேறு ஆளாக இருக்கிறான். அந்த வேறுபாட்டைச் சிவாஜி முழங்கிக் காட்டவில்லை, பார்வையிலும் குரலின் தணிவிலும் காட்டுகிறார். பாடலே இல்லாமல் 1954-இல் தமிழில் ஒரு படம் எடுப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். அதில் நாடக வாடை அடிக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேகம் மட்டுமே தவறு என்று சொல்லவில்லை. ‘அந்த நாள்’ எடுக்கப்பட்ட காலத்தில் திரையின் அகலம் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.37 மடங்குதான். இன்றைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரை 1.78 மடங்கு அகலமானது. திரை நிறையப் படம் தெரிய வேண்டும் என்று ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால், மேலும் கீழுமாகச் சேர்த்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு படம் வெட்டுப்படும், அல்லது எல்லோரும் பக்கவாட்டில் இழுபட்டுக் குண்டாகத் தெரிவார்கள். ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் நிழலும் வெளிச்சமுமாக அமைத்த காட்சியில் நான்கில் ஒரு பங்கை இழந்துவிட்டு அவருடைய திறமையை எப்படி அளப்பது? இருபுறமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் அதுவே சரியான அளவு என்று விட்டுவிடுங்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) போன்ற அகலப் படங்களுக்கு இதே தொல்லை பக்கவாட்டில் நேர்கிறது. புதிய தொலைக்காட்சிகளில், இல்லாத சட்டங்களைத் தானாக உண்டாக்கி அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்றும் இருக்கிறது. அது எந்தப் படத்தையும் மெகா தொடர் போல ஆக்கிவிடும். நடிகர் டாம் குரூஸே 2018-இல் வீடியோ வெளியிட்டு அதை அணைத்துவிடும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை உங்கள் கையில் இல்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய தமிழ்ப் படங்களில் பல, தேய்ந்துபோன பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. 2012-இல் ‘கர்ணன்’ புதுப்பிக்கப்பட்டுத் தியேட்டருக்கு வந்தபோது இளைஞர்களும் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அந்த வாய்ப்பு எத்தனை படங்களுக்குக் கிடைத்தது? தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) ஒரு பிரதிகூட மிஞ்சாமல் அழிந்துவிட்டது. புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருந்தும், தமிழ்நாட்டுக்கென்று ஒரு காப்பகம் வேண்டும் என்று பாலு மகேந்திரா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். நாம் பத்திரப்படுத்தத் தவறியதற்குப் படங்களைக் குற்றம் சொல்லக் கூடாது.

இன்றைய படங்கள் மேல் என்கிறீர்கள்; எவை என்று சொல்லவில்லை. நானே ஒன்றைச் சொல்கிறேன். பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’, 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்ற படம். அம்மா வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை இழுத்துவரக் கணபதி புறப்படுகிறான். பள்ளிக்கூடத்திலிருந்து மகன் வேலுவையும் அழைத்துக்கொள்கிறான். போன இடத்தில் சண்டை. பஸ்ஸுக்கான பணத்தை மகன் கிழித்துப் போட்டுவிட, இருவரும் கொதிக்கும் வெயிலில் ஊருக்கு நடந்தே திரும்புகிறார்கள். தாகத்துக்குச் சிறுவன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்லை அவன் எடுத்து வைக்கும் இடத்தில் ஏற்கெனவே கற்கள் குவிந்திருக்கின்றன. இந்த நடை அவனுக்குப் புதிதல்ல என்பதை ஒரு சொல்லும் பேசாமல் படம் சொல்லிவிடுகிறது. கைப்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு அந்தக் குவியல் கண்ணில் படாது. ‘கூழாங்கல்’ உங்களுக்கு மந்தமாகத் தோன்றுமென்றால், உங்கள் வழக்கு பழைய படங்களோடு அல்ல.

கணபதிக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முந்தியவன், மகேந்திரன் 1979-இல் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ படத்தின் சுந்தரவடிவேலு. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவிய படம் அது. இரண்டிலும் மனைவியையும் பிள்ளைகளையும் வதைக்கும் ஒரு தகப்பன். இரண்டிலும் பேச்சு குறைவு. ஒப்பிட்டால் வெயிலையும் வறண்ட மண்ணையும் உடம்பில் உணர வைப்பதில் ‘கூழாங்கல்’ ஒரு படி மேல் என்பேன். பெயர் பெற்ற நடிகர்கள் யாரும் அதில் இல்லாததும் அதற்குப் பலம். ஆனால் ‘உதிரிப்பூக்கள்’ முடிவில் நிகழ்வது தமிழ்த் திரையில் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. ஊரே திரண்டு சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. அந்த நேரத்தில் அவன், இதுவரை நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்த தவறுகளிலேயே பெரியது இதுதான் என்ற பொருளில் பேசுகிறான். அதுவரை அவனை வெறுத்துக்கொண்டிருந்த நாமும் கரையில் அந்தக் கூட்டத்தோடு நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. அவனாக நடித்த விஜயன் அந்தச் சொற்களைக் கெஞ்சலாகவும் சொல்லவில்லை, மிரட்டலாகவும் சொல்லவில்லை. இது கடந்த காலத்தின் மீதுள்ள ஏக்கத்தால் எனக்குப் பிடித்த காட்சி அல்ல; இன்று வெளிவந்திருந்தாலும் இதையேதான் எழுதுவேன்.

நீங்கள் மறுபடி பார்க்க விரும்பினால் ‘உதிரிப்பூக்கள்’ படத்திலிருந்து தொடங்குங்கள். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, தொலைக்காட்சியில், இயல்பான வேகத்தில், ஒரே இருக்கையில் பாருங்கள். அடுத்த நாள் ‘கூழாங்கல்’ பாருங்கள். அது ஒன்றேகால் மணி நேரம்தான். அதற்குப் பிறகும் முதல் படம் மந்தம் என்று தோன்றினால், எந்தக் காட்சியில் எவ்வளவு நேரம் கூடுதலாக இருக்கிறது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். இந்தப் பக்கத்திலேயே முழுவதுமாக வெளியிடுகிறேன்.