ஹோர்லிக்ஸ் போத்தலும் வெளிநாட்டு எம்பிபிஎஸ்ஸும்

போன கிழமை களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு அம்மா, மகளை அடுத்து என்ன படிப்பிப்பது என்று கேட்டு என்னிடம் வந்தார். மகள் உயர்தரத்தில் இரண்டாந்தரமும் பயோ எழுதி, மெடிசினுக்கு இசட் ஸ்கோர் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) காணாது. இரசாயனவியலில் மட்டும் ஏ. வெளிநாட்டுக்கு எம்பிபிஎஸ் படிக்க அனுப்பு, முதல் வருசக் காசை நான் பார்க்கிறேன் என்று கனடா மாமா சொல்லியிருக்கிறார். மிச்ச வருசங்களுக்கு? வயலை அடகு வைக்கலாமாம்.

நானும் முதலில் ஆறுதல்தான் சொன்னேன். அப்புறம் அம்மா மகளைப் பற்றி ஒரு முறைப்பாடு வைத்தார். "பிள்ளைக்குப் படிப்பில் மனமில்லை சேர். கிணற்றடியில் ஹோர்லிக்ஸ் போத்தல்களை அடுக்கி, ஒன்றில் கிணற்றுத் தண்ணி, ஒன்றில் வாவித் தண்ணி, ஒன்றில் மழைத் தண்ணி, எல்லாத்திலும் சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்கிக்கொண்டு நிற்கிறாள்."

அம்மா, அதுதான் படிப்பு. எதில் நுரை வந்தது என்று மகளிடம் கேட்டேன். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் உப்பான வாவித் தண்ணியிலும் நுரைத்தது, மாட்டுக் கொழுப்புச் சவர்க்காரம் திரண்டுபோனது என்றாள். காரணம் மூலக்கூறின் வாலில் இருக்கிறது. சவர்க்கார மூலக்கூறுக்குத் தண்ணியை விரும்பும் ஒரு தலை, எண்ணெயை விரும்பும் ஒரு வால். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம், 12 காபன் வால். மாட்டுக் கொழுப்பில் பெரும்பாலும் 16, 18. வால் நீண்டால் உப்புத் தண்ணியில் கரையாமல் பிரிந்துவிடும். முன்பு கப்பலோட்டிகள் கடல்தண்ணியில் குளிக்கத் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் கொண்டுபோனது இதனால்தான்.

தலையை மாற்றினால் வேலையே மாறும். சவர்க்காரத்தின் தலை கிணற்றுத் தண்ணியின் கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகிவிடும், சலவைத்தூளில் உள்ள சல்பனேற்றுத் தலை அதைவிடத் தாக்குப்பிடிக்கும். நேரேற்றத் தலை என்றால், மறையேற்றமுள்ள தலைமயிரில் போய் ஒட்டும், அது கண்டிஷனர். பூச்சிமருந்து இலையில் உருண்டு விழாமல் பரவுவதற்கும் தலையும் வாலும் உள்ள இதே சரக்குதான், அதை வயல்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. வாலில் கிளை விட்டாலும் வில்லங்கம். 1950களில் அப்படிச் செய்த சலவைத்தூளை நுண்ணங்கிகளால் எளிதில் உடைக்க முடியாமல் ஐரோப்பா, அமெரிக்க ஆறுகளில் நுரை மலையாய் நின்றது. 1960களில் நேரான வாலுக்கு மாறினார்கள்.

டொக்டர்தான் வேண்டும் என்கிற மாமாவுக்கும் ஒன்று: குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறுவது பல நேரம் நுரையீரலுக்குள் இருக்கவேண்டிய, இதேபோலத் தலையும் வாலும் உள்ள பொருள் போதாமல்தான். அதையே மருந்தாக மூச்சுக்குழாயில் விடுகிறார்கள். அந்த மருந்தை உருவாக்குவதில் இரசாயனம் படித்தவர்களின் கையும் இருக்கிறது.

மூன்றாந்தரம் எழுதுவது, நர்சிங், வங்கி வேலை எல்லாம் ஊருக்கே தெரிந்த வழிகள், விடுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் இருக்கிறது, சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம். கற்கைக் கட்டணம் இல்லை. இரசாயனவியலைப் பாடமாக வைத்துக்கொண்டு, புள்ளி நன்றாக வந்தால் நாலு வருசச் சிறப்புப் பட்டத்துக்குப் போகப் பார்க்கலாம். கம்பஸ் கிடைக்காவிட்டால் ராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவனத்தின் பட்டதாரிக் கற்கை இருக்கிறது, அதற்குக் காசு கட்டவேண்டும், கொழும்பில் தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

படித்தவுடன் வீட்டுப் பக்கத்தில் வேலை என்று நான் சொல்லமாட்டேன். சவர்க்காரம், பெயின்ட், மருந்து, அழகுசாதனம் செய்யும் தொழிற்சாலைகள் அனேகமாகக் கொழும்பு, கம்பஹா பக்கம்தான். தரப்பரிசோதனை ஆய்வுகூடத்தில் தொடங்கி, எதை எவ்வளவு கலப்பது என்று தீர்மானிக்கிற இடத்துக்கு வரச் சில வருசம் எடுக்கும். பரவாயில்லை.

வயலை மட்டும் அடகு வைக்காதீர்கள். முதல் வருசக் காசோடு மாமா கையை விரித்தால், இரண்டாம் வருசம் பிள்ளை நடுவழியில். முடித்து வந்தாலும் இங்கே தொழில் செய்ய இலங்கை மருத்துவ சபையின் பதிவுக்கான பரீட்சையில் தேறவேண்டும், இதை யாராவது சொன்னார்களா? அதைவிட, அந்தப் பிள்ளை அரை மணித்தியாலம் என் முன்னால் இருந்தும் டொக்டராக வேண்டும் என்று ஒரு தரமும் சொல்லவில்லை. மாமாவும் அம்மாவும்தான் சொன்னீர்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை எந்த ஒழுங்கில் போடுவது என்று பார்க்க வியாழன் மகளைக் கூட்டி வாருங்கள். அந்தப் போத்தல்களையும் கொண்டு வரச் சொன்னேன், கிணற்றுத் தண்ணிப் போத்தலின் அடியில் என்ன படிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.