டோலோ 650 ஒரு நாளைக்கு எத்தனை வரை போடலாம்? அம்மா கழுத்துவலி மாத்திரையும் சேர்த்துப் போடுகிறார்கள்

கேட்டவர் சொல்லியிருக்கும் விவரம்: ஊர் முக்கூடல் பக்கம். அம்மா ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு, பீடி சுற்றுகிறார். கழுத்துவலிக்கு ஏற்கெனவே மாத்திரை ஓடுகிறது. இரண்டு நாளாகக் காய்ச்சல், அதற்கு டோலோ.

பாளையங்கோட்டையில் மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டோலோ, கால்பால், க்ரோசின் எல்லாமே பாராசிட்டமால்தான். நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம். அடுத்த வேளைக்குக் குறைந்தது நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், ஆறு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4000 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. உங்கள் அம்மா 50 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் இந்த உச்ச அளவு அவர்களுக்குப் பொருந்தாது. ஒரு வேளைக்கு 500, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அது போதும். ஈரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இப்போது உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போடும் கழுத்துவலி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நம் பக்கம் மேலுவலி, மூட்டுவலிக்கு அதிகம் போகும் ஜீரோடால் பி மாதிரி மாத்திரைகளில் வலி மருந்தோடு 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கிறது. சளி மாத்திரைகள் பலவற்றில் ஒன்றுக்கு 500 இருக்கும். கூட்டிப் பாருங்கள்: டோலோ 650 மூன்று வேளை 1950, சளி மாத்திரை மூன்று வேளை 1500, வலி மாத்திரை இரண்டு வேளை 650. மொத்தம் 4100. ஒவ்வொன்றையும் சொன்ன அளவில்தான் போட்டிருப்பார்கள், ஆனாலும் எல்லை தாண்டிவிட்டது. டாக்டர் போட்ட காய்ச்சல் ஊசியும் பாராசிட்டமாலாக இருக்கலாம். வீட்டுக்குப் போய் எத்தனை மணிக்கு மாத்திரை போடலாம் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கடையில் தினமும் பார்க்கிறேன். மூன்று மாத்திரை மட்டும் வெட்டி வாங்கிப் போவார்கள், பெயர் அச்சடித்த பகுதி மீதி அட்டையிலேயே நின்றுவிடும். இரண்டு நாள் கழித்து வெறும் வெள்ளி அட்டையை நீட்டி, "அண்ணாச்சி, இதே மாத்திரைதான் வேணும், சவம் பேரு தெரியல" என்பார்கள். பேர் தெரியாத மாத்திரையை எப்படிக் கூட்டுவது? வெட்டித் தரும்போதே உறையில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, கூச்சப்படாதீர்கள்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதையும் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பாராசிட்டமாலின் ஒரு பகுதியை ஈரல் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. அதை முறிக்கக் குளூட்டதையோன் என்ற பொருள் ஈரலிலேயே இருக்கிறது. மருந்து மிஞ்சிப்போனால் இந்தக் கையிருப்பு தீர்ந்து, நச்சு ஈரலின் செல்களையே தாக்கும். காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் கிடப்பவர்களுக்கு அந்தக் கையிருப்பே குறைவு, அதனால் கஞ்சியாவது குடிக்க வையுங்கள். முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், மிஞ்சினால் குமட்டலும் வாந்தியும். ஈரல் கெட்டது வெளியே தெரிய இரண்டு, மூன்று நாள் ஆகும். மாற்று மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாக வேலை செய்யும். ஆகவே யாராவது தெரியாமலோ வேறு எப்படியோ நிறைய விழுங்கிவிட்டால், "நல்லாத்தானே பேசுதாக" என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், காலி அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் இதையும் கவனியுங்கள். குழந்தைகளுக்கு ஒரு வேளை அளவு எடையைப் பொறுத்தது, கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். 10 கிலோ குழந்தைக்கு 150. சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 உள்ளதும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மில்லி கொடுத்தால் 500 உள்ளே போய்விடும். பாட்டிலோடு வரும் மூடியிலோ பில்லரிலோதான் (சொட்டுக் குழாய்) அளக்க வேண்டும், அடுப்படி ஸ்பூன் கூடாது. மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து ஊற்றிப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிதான்.

அப்புறம், காய்ச்சல். மழைக்காலமானால் நம் பக்கம் டெங்கு வரும். 2012-ல் கடையநல்லூர், தென்காசி பட்ட பாடு நினைவிருக்கும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும். ஜீரோடால் பி-யில் இருக்கும் அசிக்ளோஃபெனாக்கும் அதே வகைதான். ஆகவே அம்மாவின் கழுத்துவலி மாத்திரையை இன்றைக்கே நிறுத்திவைத்து, டாக்டரிடம் கேளுங்கள். மூன்றாவது நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இருந்தால் காத்திருக்கவே கூடாது. டெங்குவில் ஆபத்தான கட்டமே காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது.

கழுத்துவலி தனி விஷயம். மடியில் சொளவை (முறத்தை) வைத்து, தலையைக் குனிந்தபடியே இலையைச் சுருட்டி நூல் கட்டுகிறவர்களுக்கு வலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாத்திரை அதை அந்த நேரத்துக்கு அமுக்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் போடும் வலி மாத்திரை வயிற்றில் புண் வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். காய்ச்சல் தேறியதும் அம்மாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். விரல் மரத்துப்போகிறதா, கையில் பிடி குறைகிறதா என்று வீட்டிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.