இரண்டு வருட பி.காம் வீணாகவில்லை: எடிசனில் இருந்து எழுதிய தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

மதுரையில் இரண்டு வருடம் பி.காம் படித்தீர்கள். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் திருமணம் முடிந்து, எச்-4 விசாவில், அதாவது எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசாவில், கணவருடன் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள எடிசனுக்கு வந்துவிட்டீர்கள். கையில் நான்கு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. முதலில் இருந்து தொடங்க வேண்டுமா, படித்தது கணக்கில் வருமா, ஒரே சம்பளத்தில் வாடகையும் கட்டிக்கொண்டு ஆன்லைனில் பட்டம் வாங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். "அங்கே எதற்கு அவ்வளவு செலவு, ஊரிலேயே அஞ்சல்வழியில் முடித்துவிடு" என்று மாமியார் சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். நானும் நியூ ஜெர்சிக்கு எச்-4இல் வந்தவள்தான். பாதியில் நின்ற படிப்பை இங்கே ஆன்லைனில்தான் முடித்தேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விசா பற்றிய கவலையை முதலில் தீர்த்துவிடுவோம். எச்-4இல் இருப்பவர் படிப்பதற்குத் தனி விசா வாங்க வேண்டியதில்லை. முழுநேரமாகப் படிக்கலாம், ஒரு செமஸ்டருக்கு ஒரே பாடம் எடுத்தும் படிக்கலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு ஒரு செமஸ்டரில் ஓர் ஆன்லைன் பாடம்தான் முழுநேரக் கணக்கில் சேரும். அந்தக் கட்டுப்பாடு உங்களுக்கு இல்லை. நாளைக்கே கணவரின் வேலையில் மாற்றம் வந்து ஊர் திரும்ப நேர்ந்தாலும் ஆன்லைன் படிப்பை அங்கிருந்து தொடரலாம். ஆனால் இந்தப் பட்டம் வேலை அனுமதி தராது. படிப்பு முடித்தவர்களுக்குக் கிடைக்கும் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி எஃப்-1 மாணவர்களுக்கு மட்டுமே உரியது. எச்-4இல் இருப்பவருக்கு வேலை அனுமதி, பெரும்பாலும் கணவரின் ஐ-140 என்ற கிரீன் கார்டுக்கான மனு ஏற்கப்பட்ட பிறகே கிடைக்கும். அந்தக் காத்திருப்புக் காலத்தில் பட்டத்தை முடித்து வைத்துக்கொண்டால், அனுமதி வரும் நாளில் கையில் ஒரு தகுதி இருக்கும். உங்கள் பெயரில் எச்-1பி விண்ணப்பிக்கும் வாய்ப்பு வந்தாலும் அதற்கு இளநிலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும்.

இனி கிரெடிட்டுக்கு, அதாவது படித்த பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகுக்கு வருகிறேன். இங்கே இளநிலைப் பட்டம் என்றால் பொதுவாக 120 கிரெடிட். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "என்னுடைய படிப்பில் எத்தனை கிரெடிட் மாறும்?" என்பதைத்தான். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: மாறும் ஒவ்வொரு கிரெடிட்டும் பட்டத்தின் எந்தப் பகுதியில் போய்ச் சேரும்? 120 கிரெடிட்டையும் பட்டத் திட்டத்தில் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஆங்கிலக் கட்டுரை எழுதுதல், கணிதம், அறிவியல், சமூகவியல் போன்ற பொதுக்கல்வி ஒரு பகுதி. முதன்மைப் பாடம் இன்னொரு பகுதி. மிச்சம் விருப்பப் பாடங்கள். இவற்றுக்கு ஊடாக, இத்தனை கிரெடிட் மூன்றாம், நான்காம் வருடத் தரத்தில், அதாவது 300, 400 எண் கொண்ட பாடங்களாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இருக்கும்.

இந்தக் கணக்கு தெரியாமல் பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண், மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு வருடத்துக்கும் மேலாக ஆன்லைன் பாடங்களை முடித்துக்கொண்டே போனார். கல்லூரியில் சேர்ந்தபோது அவற்றில் பெரும்பாலானவை விருப்பப் பாடப் பகுதிக்குத்தான் போயின. அந்தப் பகுதியோ ஊர்ப் படிப்பாலேயே நிரம்பிவிட்டிருந்தது. கிரெடிட்டுகளைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது உண்மை, ஆனால் பட்டம் ஓர் அடிகூட அருகில் வரவில்லை.

ஆகவே எங்கும் பணம் கட்டுவதற்கு முன்னால், ஊர்ப் படிப்பை இந்த நாட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. நேசஸ் என்ற கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ளவற்றின் அறிக்கையைப் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்கும். ஆனாலும் நீங்கள் சேர நினைக்கும் கல்லூரி எந்த நிறுவனத்தை ஏற்கிறது என்று கேட்டுவிட்டே விண்ணப்பியுங்கள். பாடவாரியான அறிக்கைதான் வேண்டும் என்று குறிப்பிடுங்கள். இது சுமார் 200 டாலர் ஆகலாம். பொதுவான அறிக்கை மலிவு, ஆனால் கிரெடிட் மாற்ற அது உதவாது.

அந்த அறிக்கை வந்தால் அவசரப்படாமல் உட்கார்ந்து படியுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே அமெரிக்கக் கிரெடிட், அதற்கு இணையான கிரேடு, கீழ்நிலையா மேல்நிலையா என்பதைக் காட்டும் 'எல்' அல்லது 'யூ' எழுத்து இருக்கும். 55 மதிப்பெண் வாங்கிய தாளைப் பார்த்து இங்கே தோல்வி என்று நினைத்துக் கலங்காதீர்கள். நம் ஊர் மதிப்பெண் முறைக்கு ஏற்பத்தான் கிரேடு போடுவார்கள். அரியர் இருக்கும் தாள் மட்டும் கணக்கில் வராது. பகுதி ஒன்றில் படித்த தமிழை விட்டுவிடாதீர்கள். "இங்கே தமிழுக்கு என்ன மதிப்பு" என்று அந்தத் தாள்களைக் குறிப்பிடாமலே விடுகிறவர்கள் உண்டு. அது மொழிப்பாடமாகவோ விருப்பப் பாடமாகவோ கணக்கில் சேரக்கூடியது. பகுதி இரண்டு ஆங்கிலத்தில்தான் கவனம் வேண்டும். அதை இலக்கியம் என்று எடுத்துக்கொண்டு, கட்டுரை எழுதும் பாடத்தைத் தனியாக முடிக்கச் சொல்லும் கல்லூரிகள் அதிகம்.

மதிப்பெண் பட்டியலும், படித்த பாடங்களையும் மதிப்பெண்களையும் மொத்தமாகக் காட்டும் அதிகாரபூர்வப் பதிவான டிரான்ஸ்கிரிப்ட்டும் ஒன்றல்ல. டிரான்ஸ்கிரிப்ட்டைப் பொதுவாகப் பல்கலைக்கழகமே மூடிய உறையில் வைத்து, ஒட்டிய மடிப்பின் மேல் கையொப்பமும் முத்திரையும் இட்டு, மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். உறையை இடையில் யாராவது பிரித்துப் பார்த்தால் செல்லாது. உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்றால் அங்குள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். இல்லையென்றால் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். அப்பாவையோ தம்பியையோ அனுப்புவதானால், கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் பாஸ்போர்ட் நகலும் கொடுத்தனுப்புங்கள். எல்லாவற்றிலும் அதிகம் நேரம் பிடிப்பது இந்த வேலைதான். இந்த வாரமே தொடங்குங்கள்.

பெயரையும் பாருங்கள். நம் மதிப்பெண் பட்டியலில் ஓர் இனிஷியலும் பெயரும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும், திருமணத்துக்குப் பிறகு புதுப்பித்தவர்களுக்குக் கணவர் பெயராக நிற்கும். இரண்டும் ஒருவரே என்பதற்குத் திருமணச் சான்றிதழையோ உறுதிமொழிப் பத்திரத்தையோ விண்ணப்பத்துடனேயே வைத்துவிடுங்கள். பின்னால் கேட்டுக் கடிதம் வந்து, அதற்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது கல்லூரி. சாதாரணக் கல்லூரிகள் 120இல் குறைந்தது 30 கிரெடிட்டாவது தங்களிடம் படிக்கச் சொல்லும். வெளியில் படித்ததைத் தாராளமாக ஏற்பதற்கென்றே பெயர் பெற்ற மூன்று கல்லூரிகள் உண்டு. ஒன்று உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது: டிரென்டனில் உள்ள தாமஸ் எடிசன் ஸ்டேட் யூனிவர்சிட்டி. 1972இல் வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் படிக்கும் பெரியவர்களுக்காகவே தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம் அது. இரண்டாவது, கனெக்டிகட்டில் உள்ள சார்ட்டர் ஓக் ஸ்டேட் காலேஜ். தொடக்கப் பாடம் ஒன்றையும் இறுதிப் பாடம் ஒன்றையும் அங்கேயே படிக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. மூன்றாவது, நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் உள்ள எக்செல்சியர் யூனிவர்சிட்டி. மூன்றிலும் வணிகவியல் சார்ந்த பட்டங்கள் இருக்கின்றன. பி.காம் பின்னணி உள்ள உங்களுக்கு முதலாவதில் இருந்து தேடத் தொடங்குவது நல்லது என்பேன், நியூ ஜெர்சிவாசிகளுக்கு என்ன கட்டணம் என்பதையும் விசாரிக்கலாம். யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டி வேறு வகை. ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை பாடம் வேண்டுமானாலும் முடிக்கலாம். வேகமாகப் படிக்க நேரமும் மனமும் உள்ளவர்களுக்கு அது லாபம். கைக்குழந்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே பாடக்கணக்கில் பணம் கட்டும் முறைதான் உங்களுக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அங்கீகாரத்தை அமெரிக்கக் கல்வித் துறையின் இணையப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். "வாழ்க்கை அனுபவத்துக்கே பட்டம்" என்று விளம்பரம் செய்து, கடன் அட்டை எண்ணைக் கேட்கும் இடங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தக் காகிதத்தை எந்த வேலைக்கும் காட்ட முடியாது.

கல்லூரியைத் தேர்ந்த பிறகுதான் பட்டத் திட்டத்தில் காலியாக இருக்கும் பகுதிகளை மலிவாக நிரப்பும் கட்டம் வருகிறது. வகுப்பில் சேராமலே கிரெடிட் பெற உதவும் கிளெப் என்ற தேர்வுகளை, எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பே நடத்துகிறது. ஒரு தேர்வுக்கு நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு, தேர்வு மையக் கட்டணம் தனி. 80க்கு 50 எடுத்தால் பல கல்லூரிகள் கிரெடிட் தருகின்றன. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அறக்கட்டளைத் தளத்தில் இலவசமாகப் படித்து, பயிற்சியை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் கிடைக்கும். நம் பி.காம் மாணவர்களுக்கு நுண்பொருளியல், பேரினப் பொருளியல், மேலாண்மை, சந்தையியல், வணிகச் சட்டம் ஆகியவை பழகிய பாடங்கள்தான். ஆனால் ஊரில் நிதிநிலைக் கணக்கியல் படித்து அது அறிக்கையில் ஏறியிருந்தால், அதே பாடத்தில் கிளெப் எழுதாதீர்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கிரெடிட் கிடையாது. கிளெப் தேர்வுகள் பெரும்பாலும் கீழ்நிலைக் கிரெடிட்தான் என்பதும் நினைவிருக்கட்டும்.

சோஃபியா, ஸ்டடி டாட் காம் போன்ற ஆன்லைன் பாடத் தளங்களும் உண்டு. சோஃபியாவில் மாதச் சந்தா 99 டாலர் அளவில் இருக்கிறது. அங்குள்ள பாடங்களுக்கு அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் என்ற அமைப்பு கிரெடிட் பரிந்துரைக்கிறது. அது பரிந்துரை மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் உரிமை. ஆகவே ஒவ்வொரு பாடமும் எந்தப் பகுதியில் சேரும் என்பதைக் கல்லூரி ஆலோசகரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் சொன்னது பின்னால் செல்லாது.

கட்டுரை எழுதும் பாடத்தையும் மேடைப்பேச்சையும் மட்டும் எடிசனிலேயே இருக்கும் மிடில்செக்ஸ் காலேஜில் படியுங்கள் என்பேன். மாவட்டவாசிகளுக்கு அங்கே கட்டணம் குறைவு. உங்கள் விசாவுக்கும் நீங்கள் வந்த காலத்துக்கும் அந்தக் கட்டணம் பொருந்துமா என்று வாடகை ஒப்பந்தத்தையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். இதைச் சொல்வதற்குச் செலவு மட்டும் காரணமில்லை. இங்குள்ள ஓர் ஆசிரியர் உங்கள் கட்டுரையைத் திருத்திக் கொடுப்பதும், முகம் தெரிந்த சிலருடன் உட்கார்ந்து பேசுவதும் புது நாட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பெரிய பலம். எனக்கு இங்கே கிடைத்த முதல் தோழி அப்படி ஒரு வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான்.

பண விஷயம். ஃபாஃப்சா என்ற அரசு உதவி விண்ணப்பமும் பெல் உதவித்தொகையும் குடியுரிமை, கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் அகதிகள் போன்ற சில பிரிவினருக்கும்தான். எச்-4க்குக் கிடையாது. வங்கிக் கடன் வாங்கி மொத்தமாகச் சேராதீர்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஒரு பாடத்துக்கான பணம் சேர்ந்ததும் ஒரு பாடம் எடுங்கள். கிரெடிட் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் தொழில்நுட்பக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். வெளியில் வாங்கும் கிரெடிட் எவ்வளவு மலிவானாலும், கடைசியாகக் கல்லூரியிலேயே படிக்கும் மேல்நிலைப் பாடங்களும் இறுதித் திட்டப்பாடமும்தான் செலவின் பெரும்பகுதி. அதற்கு முதல் மாதத்தில் இருந்தே தனியாகச் சேமியுங்கள்.

மாமியார் சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். இரண்டொரு வருடத்தில் ஊர் திரும்புவது உறுதி என்றால் அவர் சொல்வதுதான் சரி. வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்தை இந்தியாவில் அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ காட்டும்போது இணைத்தகுதிச் சிக்கல் வரும். அந்த எண்ணம் இருந்தால் இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழுவிடம் (யு.ஜி.சி.) முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இங்கேயே இருக்கப்போகிறீர்கள் என்றால், ஊரின் மூன்றாண்டுப் பட்டத்தைச் சில மதிப்பீட்டு நிறுவனங்கள் மூன்று வருடப் படிப்பு என்று மட்டுமே எழுதும். அந்த நிலையில் இங்குள்ள நான்காண்டுப் பட்டமே உதவும். இதைக் கணவரும் நீங்களும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

இப்போதைக்கு டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். அது வரும்வரை டிரென்டனில் உள்ள தாமஸ் எடிசன் பல்கலைக்கழகத்தின் வணிக நிர்வாகப் பட்டத் திட்டத்தைத் தரவிறக்கி, உங்கள் நான்கு செமஸ்டர் தாள்கள் எங்கெங்கே பொருந்தும் என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். மதிப்பீட்டு அறிக்கை வந்ததும், பதிவு எண்களை மறைத்துவிட்டுப் பாடப்பட்டியலை எனக்கு அனுப்புங்கள். எந்தெந்தப் பகுதி காலியாக இருக்கிறது என்று சேர்ந்து பார்த்துவிட்டு, முதல் கிளெப் எது என்பதை முடிவு செய்வோம்.

அன்புடன்,
அக்கா